செவ்வாயும் வியாழனும்

இனிமேல் வாரத்தில் ஐந்து நாளும் எல்லோரும் ஆபீஸுக்கு வந்தே தீர வேண்டும் என்று கம்பெனி மெயில் அனுப்பியபோது, செக்டர் ஃபைவ் கட்டடத்தின் ஆறாவது மாடியில் பாதிப் பேர் புலம்பினார்கள், மீதிப் பேர் வேறு வேலை தேட ஆரம்பித்தார்கள். தேவிப்ரியா மட்டும் நிதானமாகப் படித்துவிட்டு, "ஓஹோ, நாமளே போயிடணும்னு பார்க்கறாங்களா?" என்றாள். ஆளை நீக்கினால் கம்பெனி காசு கொடுக்க வேண்டும். ஆள் தானாகப் போனால் ஒரு வழியனுப்பு கேக்கோடு முடிந்துவிடும். ஊரார் கேட்கும் இன்ஷூரன்ஸ் பணத்தை எப்படிக் குறைக்கலாம் என்று பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் இடத்துக்கு இதுகூடவா தெரியாது?

"நான் ராஜினாமா பண்ண மாட்டேன்" என்று அன்றைக்கே பக்கத்து இருக்கை மிருண்மயிடம் சொல்லிவிட்டாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ரகம் அவள். ஆனால் வீட்டில் அப்பா இருந்தார். அங்கேதான் இடித்தது.

அப்பா கோவிந்தராஜன் தமிழர், ஆனால் வங்காளத்துப் பவானிபூரில் பிறந்து, அங்கேயே வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மீனைத் தொடாத மனிதர், எதிர்வீட்டுக்காரருக்காக மீன்காரரிடம் வங்காளத்தில் சண்டை போட்டு இலிஷ் வாங்கிக் கொடுப்பார். அப்படிப்பட்ட வங்காளம். போன வருடம் வந்த பக்கவாதம் வலது கையோடு அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ஆங்கிலமும் போயிற்று. மிச்சம் நின்றது கொஞ்சம் தமிழ். இப்படி ஆவது உண்டு என்றார் டாக்டர். அது யாருக்கு ஆறுதல்?

பகலில் அவரைப் பார்த்துக்கொண்ட ஷெஃபாலி மாஷி கானிங்கிலிருந்து முதல் ரயிலில் வருகிறவள். தங்கமான மனுஷி, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. செவ்வாயும் வியாழனும் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணுக்கும் தெரியாது. அதனால் அந்த இரண்டு நாளும் தேவிப்ரியா வீட்டிலிருந்து வேலை பார்த்தபடியே பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் சொல்வதைத் தமிழாக்கி, அப்பாவின் வாயிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக மீட்டெடுத்தாள். "ஜன்னல்" வந்தது. "காப்பி சூடு" என்று இரண்டு வார்த்தை சேர்ந்தே வந்த அன்று அவள் அழுதுவிட்டாள். கம்பெனியின் புது உத்தரவு அந்த இரண்டு நாளையும்தான் பிடுங்கியது, பயிற்சியும் நின்றது.

முதல் செவ்வாயன்று அப்பா "வெளிச்சம், வெளிச்சம்" என்று கத்தியிருக்கிறார். மாஷி தண்ணீர் கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள், படுக்கை விரிப்பை மாற்றினாள். கடைசியில் இருவருமே அழுதார்கள். கண்ணில் வெயில் அடிக்கிறது, திரையை இழுத்து விடு என்பதுதான் விஷயம்.

மறுநாளிலிருந்து தேவிப்ரியா போனை மேஜைமேல் வைத்துக்கொண்டாள். மாஷி கூப்பிட்டு அப்பாவின் வாயருகே போனைப் பிடிப்பாள். அவர் "முதுகு" என்பார். இவள் உரக்க, "முதுகா அப்பா? வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு, வங்காளத்தில் மாஷிக்கு முதுகுப்பக்கம் தலையணை வைக்கச் சொல்வாள். வரிசையில் இருந்த மிருண்மயும் ஸ்னேகாவும் முதலில் தலையைத் திருப்பினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். மிருண்மய் பர்த்வானிலிருந்து தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவன். ஸ்னேகா கைக்குழந்தையை விட்டுவிட்டு வருகிறவள். யாருக்கு என்ன வலி என்று அந்த வரிசைக்குத் தெரியும்.

மேனேஜர் சைதன்யாவுக்குத் தெரியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், அவ்வளவுதான். ஒருநாள் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான்.

"தீதி, திங்கள்லேர்ந்து போனை லாக்கர்ல வச்சிடுங்க. வாடிக்கையாளர் தகவல் பாதுகாப்பு, மேலிடத்து உத்தரவு. கஷ்டமா இருந்தா... வேற வழியும் யோசிக்கலாம்."

"வேற வழின்னா, நானே எழுதிக் குடுத்துட்டுப் போறதா?"

அந்த நேரம் பார்த்து வெளியே அவள் மேஜையில் போன் அடித்தது. அவள் எழுவதற்குள் மிருண்மய் எடுத்துவிட்டான்.

"மேஷோமஷாய்! தண்ணியா?" என்று, வங்காளத்தில் மாமா என்று அழைத்துவிட்டு அவன் தமிழில் கேட்பது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. "முதுகா? வெளிச்சமா?"

தேவிப்ரியா அப்படியே நின்றுவிட்டாள். கேட்டுக் கேட்டே படித்திருக்கிறான், படவா.

சைதன்யாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா தீதி! இதுக்குத்தான் எல்லாரும் ஆபீஸ் வரணும்ங்கறோம். ஒரு குடும்பம் மாதிரி! போன் இருக்கட்டும், லாக்கர் வேண்டாம், மேலே நான் பேசிக்கறேன். இதை நம்ம கம்பெனி இதழ்லகூடப் போடலாம்."

ஒரு கணம் அவளுக்குச் சரி என்று சொல்லிவிடத் தோன்றியது. போன் இருக்கும், வேலை இருக்கும், நல்ல மனுஷர்கள் பக்கத்தில் இருப்பார்கள். வேறென்ன வேண்டும்?

மிருண்மய் கதவைத் திறந்துகொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. "பிரியாதி, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கேட்டுட்டேன். எதுக்கும் பதில் இல்லை. உங்க பேரை மட்டும் சொல்லிட்டே இருக்கார்."

அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள். "அப்பா."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு "பிரியா" என்றார் அப்பா. போன மாதம் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியவருக்கு இன்று அந்த ஒன்றுதான் கைவசம் இருந்தது. பயிற்சி நின்றதிலிருந்து மற்றவையெல்லாம் ஒன்றொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. அவள் மேஜையைச் சுற்றி எத்தனை பேர் தமிழ் படித்தாலும் அந்தப் பாடத்தை வேறு யாரும் நடத்த முடியாது.

"இங்கேதான் இருக்கேன் அப்பா. வரேன்" என்று சொல்லிவிட்டுச் சைதன்யாவிடம் திரும்பினாள்.

"செவ்வாயும் வியாழனும் நான் வீட்லேர்ந்து வேலை செய்வேன். ஒரு கோப்பு பின்தங்கினா என்னைக் கேளுங்க. ராஜினாமா எழுத மாட்டேன். வேணும்னா நீங்க வேலை நீக்கக் கடிதம் குடுங்க, காரணத்தையும் அதிலேயே எழுதுங்க. எனக்கு மட்டும்னு ரகசியமா சலுகை குடுக்காதீங்க. இந்த வரிசையில யார் கேட்டாலும் அதேதான் கிடைக்கணும்."

"தீதி, உத்தரவு என் கையில இல்லையே."

"கையெழுத்து உங்க கையிலதானே இருக்கு?"

மிருண்மய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் வெளியே போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அப்பாவின் கட்டிலருகே அவள் மடிக்கணினியைத் திறந்தாள். பொய் சொல்வானேன், நன்றாகவே பயந்திருந்தாள். வருகைப் பக்கத்தில் அவள் பெயருக்கு எதிரே, ஆபீஸ் வரவில்லை என்று சிவப்பு விழுந்திருந்தது. அதற்குக் கீழே மிருண்மய் பெயர். அதுவும் சிவப்பு. ஸ்னேகா பெயரும் சிவப்பு. வரிசை மொத்தமும் சிவந்திருந்தது.

கூட்டத்துக்கான நேரம் வந்ததும் திரையில் ஒவ்வொரு முகமாகத் திறந்தது. ஸ்னேகாவின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மிருண்மய்க்குப் பின்னால் பர்த்வான் வீட்டுச் சுவரில் ஒரு பல்லி. சைதன்யா மட்டும் கண்ணாடி அறையில் இருந்தான், அவனுக்குப் பின்னால் காலி நாற்காலிகள் தெரிந்தன.

"எல்லாரும் எங்கே?" என்றான்.

"வேலையில இருக்கோம், சைதன்யாதா" என்றான் மிருண்மய்.

கடிதம் எழுதுவதானால் சைதன்யா மூன்று பேருக்கும் எழுத வேண்டும். எழுதிவிட்டால் மாதக் கடைசிக் கோப்புகளை முடிக்க அவன் ஒருத்தன்தான் மிஞ்சுவான். அந்தக் கணக்கை அவன் போட்டு முடிப்பது திரையிலேயே தெரிந்தது. "சரி, முதல் கோப்பைத் திறங்க" என்றான்.

அழைப்பு மணி அடித்தது. தேவிப்ரியா மறுபடி வரச் சொல்லியிருந்த பேச்சுப் பயிற்சிப் பெண். கட்டிலிலிருந்து அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்பாவோட பாடம் இருக்கு, முடிச்சுட்டு வரேன்" என்றாள் தேவிப்ரியா. அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். சைதன்யா தலையாட்டினான்.