ஒரு நொடியில் ஒன்றரைத் துண்டு

"சனிக்கிழமைக்குள் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போங்கள்" என்று முத்துராஜ் அண்ணன் சொன்னதில் தவறே இல்லை. வல்லத்திராக்கோட்டையில் அவர் வயலில் மின்னல் விழுந்து இரண்டு ஆடுகள் செத்துக் கிடந்தன. எங்கள் அலுவலகத்தின் மின்னல் வரைபடமோ அது மீமிசலுக்கு அப்பால் கடலில் விழுந்ததாகக் காட்டியது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பெட்டி என்றால் மின்னல் கிளப்பும் ரேடியோ அதிர்வைப் பிடிக்கும் ஆன்டெனாவும் ஒரு சின்னக் கணினியும். மீமிசலில் ஒன்று, பொன்னமராவதியில் ஒன்று, அண்ணன் வீட்டு மாடியில் ஒன்று. அதிர்வு எந்தப் பெட்டியை எப்போது எட்டியது என்று தெரிந்தால் மின்னல் விழுந்த இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். மூன்றில் ஒன்று போனாலும் எல்லாம் வீண்.

நேரத்தைக் குறிப்பது கணினியிலுள்ள நெட்வொர்க் கார்டு. ஆன்டெனாவின் செய்தி வாசலைத் தொட்ட கணமே குறித்துவிடும். அந்த நேரத்தை எடுத்து உரிய செய்தியோடு சேர்ப்பது டிரைவர் என்கிற நிரல். அதை எழுதிய புண்ணியவதி நான்தான். கார்டு ஒரு சமயத்தில் ஒரு நேரத்தைத்தான் வைத்திருக்கும். இடிமழையில் செய்திகள் குவிந்தபோது, பந்தியில் இலை மாற்றிப் பரிமாறியதுபோல, ஒன்றின் நேரத்தை இன்னொன்றுக்குக் கொடுத்திருக்கிறது என் டிரைவர். சும்மா இருந்த நாளெல்லாம் சமர்த்தாக இருந்துவிட்டு, மின்னல் வந்ததும் என் காலை வாரிவிட்டது. திட்டிக்கொண்டே திருத்தினேன். இனி நேரத்தோடு செய்தியின் வரிசை எண்ணையும் ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் தெரியவில்லை என்று சொல், பொய் சொல்லாதே.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் புதுக்கோட்டை அலுவலகத்தில் என் திரையில் புள்ளிகள் விழத் தொடங்கின. ஒவ்வொன்றும் முந்தையதைவிட வல்லத்திராக்கோட்டைக்கு நெருக்கமாக. நான்காவது, அண்ணன் வயலுக்கு ஒரு கிலோமீட்டரில். போன் செய்தேன்.

"அண்ணே, சுடர்விழி பேசுறேன். வயல்ல யாரு இருக்கா?"

"பொற்கொடிதான் களை எடுக்குது. ஏன், இன்னைக்கும் கடல்லயா விழுகுது?"

"கிண்டல அப்புறம் வச்சுக்கங்க. அக்காவ ஒடனே வீட்டுக்குள்ள வரச் சொல்லுங்க."

அவர் முனகிக்கொண்டே வெளியே போய் மனைவியைக் கத்திக் கூப்பிடுவது கேட்டது. ஆறு நிமிடம் கழித்து ஒரு புள்ளி விழுந்தது. அவர் வயலின் வடகிழக்கு மூலை.

இடி அடங்கிய பிறகு அவரே அழைத்தார். "மூலைப் பனை ரெண்டாப் பொளந்து கெடக்கும்மா. தூறல்லயும் பொகையுது."

மூன்று பெட்டிகளின் நேரத்தையும் எடுத்துப் பார்த்தேன். அண்ணன் வீட்டைத் தொட்ட அதிர்வு மீமிசலைத் தொட எடுத்துக்கொண்ட நேரம், ஒரு நொடியைப் பத்தாயிரமாக வெட்டினால் அதில் ஒன்றரைத் துண்டு. அதற்குள் ஒரு பனைமரம் நின்ற இடம் இருந்திருக்கிறது. கைகூப்பத் தோன்றியது, யாரை நோக்கி என்றுதான் தெரியவில்லை.

போனைப் பொற்கொடி அக்கா வாங்கினார். "தூக்குச்சட்டி அந்தப் பனையடியிலதான் இருந்துச்சு. எடுத்துட்டு வாரேன்னேன். இவுக கத்துன கத்துல விட்டுட்டு ஓடியாந்தேன். இப்பப் போய்ப் பாத்தா சட்டி கருகிக் கெடக்கு, சுடர்."

அந்தப் பக்கம் அண்ணன் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாடியில பொட்டி நனையுது பாரு. தார்ப்பாய எடுத்துட்டு வா!"