விசில் வராத நான்கு நிமிடம்

1

படார்! மடக்கு நாற்காலி ஒன்று எழும்பிய சத்தம். அடுத்து இன்னொன்று. பிறகு வரிசையாக.

இந்தக் கதை அந்தச் சத்தத்தில்தான் பிறந்தது. கோடி கோடியாகக் கொட்டி எடுத்த ஒரு படத்தின் இரண்டாம் பாகம், முதல் நாள், முதல் காட்சி. இடைவேளைக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே ரசிகர்கள் எழுந்து போகிறார்கள். கடைசி வரிசையில் அந்தப் படத்தின் எடிட்டர் உட்கார்ந்து நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

(முதலில் கதாநாயகனைத்தான் அங்கே உட்காரவைத்தேன். "அவர் கண்களில் நீர்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அவருக்காக அழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.)

2

படம் ஏன் படுத்தது? செலவு அதிகம், கிராபிக்ஸ் அதிகம், இயக்குநருக்குத் தலைக்கனம் அதிகம் என்கிறார்கள். என் கதையில் காரணம் ஒரு தாள்.

முதல் பாகம் ஓடியபோது எடிட்டர் பத்து தியேட்டர்களில் உட்கார்ந்து, எந்த நிமிடம் விசில், எந்த நிமிடம் கைதட்டல் என்று குறித்துக்கொண்டார். இரண்டாம் பாகத்தை அந்தத் தாளைப் பார்த்தே வெட்டினார். நாயகன், செத்துப்போன நண்பனின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும் காட்சிக்குக் கத்தரி விழுந்தது. நான்கு நிமிடம். வசனமே கிடையாது.

இயக்குநர், எடிட்டருடைய அக்காவின் கணவர்.

"மாப்ளே, இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்டா."

"மாமா, போன படத்துல இந்த மாதிரி எடத்துல ஒரு சத்தமும் வரல. தாள் காலியா இருக்கு பாருங்க. போரடிச்சிருக்கு."

"சரி. உன் கத்தரி, உன் இஷ்டம்."

3

(இங்கே ஒரு பத்தி இருந்தது. "அழுகிறவன் விசிலடிப்பதில்லை" என்று தொடங்கும். வாரப் பத்திரிகைப் புத்தி. அடித்துவிட்டேன். அதை ஒரு ரசிகனே சொல்லிவிட்டான்.)

திரையில் கைதட்டல் இடங்கள் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. தட்டத்தான் யாருக்கும் நேரமில்லை. முன்வரிசைக்காரன் எழுந்தபடியே நண்பனிடம் கேட்டான்: "செத்தவனோட அம்மா என்னடா ஆனாங்க? போன படத்துல அவங்களைப் பாத்துத்தான்டா அழுதேன்."

எடிட்டர் எண்ணுவதை நிறுத்தினார்.

4

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அ) வெட்டிய காட்சியைச் சேர்க்கிறார்கள், படம் பிழைக்கிறது. (பொய். இரண்டாம் வாரம் தியேட்டரே இல்லை. போட்டதில் பாதிகூடத் திரும்பவில்லை.)

ஆ) எடிட்டர் உண்மையைப் பேட்டியில் சொல்லி... (இதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.)

இ) நடந்தது. "தப்பு மொத்தமும் என்னோடது" என்று டி.வி.யில் சொன்னார் இயக்குநர். கையிலிருந்த அடுத்த படமும் போனது. மறுநாள் எடிட்டர் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளறையில் மாமா, காட்சிகள் எழுதிய அட்டைகளைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"வெட்டினது நான்தான்னு சொல்லிடறேன் மாமா. என்னால தூங்க முடியல."

"யாருக்கும் தெரிய வேணாம்டா. முக்கியமா உங்கக்காவுக்கு."

"ஏன்?"

மாமா ஓர் அட்டையை மட்டும் நீட்டினார். 'ஊசி, நூல்' என்றிருந்தது.

எடிட்டர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. இனி உங்கள் பாடு. மாமா சொன்னது மட்டும் இது:

"அது உங்கம்மாடா. கண்ணு மங்கிப் போன கடைசி வருஷம், தினமும் நான்தான் நூல் கோத்துக் குடுத்தேன்... நீ எடிட்டிங்ல இருந்த."