கொட்டாத தண்ணீர்

மணிமேகலை வாயைத் திறந்தால் அடுத்த கொண்டையூசி வளைவு வரை கேட்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவள் சில நாட்களாக வீட்டுக்குள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தொட்டியில் சிக்லிட் மீன் ஜோடி குஞ்சு பொரித்திருந்தது. ஒவ்வொன்றும் கடுகுக்கு வால் முளைத்த அளவுதான்.

"மலைக் குளிருக்கு இதுக குஞ்சு பொரிக்காதுங்க" என்று சேந்தமங்கலத்து மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சே அவளைக் கிளப்பிவிட்டது. ஹீட்டர் போட்டாள், தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல் ஒட்டினாள். இரண்டு முறை பொரித்தும் விட்டன. இரண்டு முறையும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கண்ணாடியைத் தட்ட, மிரண்டுபோன தாயும் தகப்பனும் குஞ்சுகளை விழுங்கிவிட்டன. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த முறை தொட்டிக்குப் பழைய வேட்டியால் திரை போட்டாள். குஞ்சுகளுக்குத் தீனியாக முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விடும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நேரம் பார்த்துப் பங்காளி வீட்டுக் குப்புசாமி போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்ததும் பங்காளி வீடுகள் அத்தனையிலும் பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சாவு அதில் முகம் பார்த்திருக்குமாம். மணிமேகலை குடம், அண்டா, டிரம் எல்லாவற்றையும் தானே கவிழ்த்தாள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

புருஷனின் அண்ணன் மனைவி ஆயம்மாள் சரிபார்க்க வந்தாள். திரைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"இதென்ன கண்ணு, இத உட்டுட்ட?"

"மெதுவாப் பேசுங்கக்கா. உள்ள குஞ்சு இருக்குது."

"இருந்தா என்ன? கொட்டீட்டுப் புதுசா ஊத்து."

"குழாத் தண்ணி வெறைக்குதுங்க. ஊத்துனா ஒண்ணும் மிஞ்சாது."

ஆயம்மாள் வெளியே போய்த் தன் புருஷனை அழைத்துவந்தாள். சின்னையன் ஈரத் தலையோடு, கையில் பக்கெட்டோடு வந்தார். தங்கமான மனிதர்தான், ஆனால் சடங்கு, சாங்கியம் என்று வந்துவிட்டால் யாரையும் பேசவிட மாட்டார்.

"இதும் புடிச்சு வெச்ச தண்ணிதான். நவுரு சாமி."

"மாட்டேனுங்க மாமா."

அவரிடம் அந்த வார்த்தையை அவள் இதுவரை சொன்னதில்லை. சத்தம் தொண்டை வரை வந்தது. கத்தினால் குஞ்சுகள் போய்விடும் என்று விழுங்கிக்கொண்டாள். கோபத்தைக் கிசுகிசுப்பாகப் பேசுவதைப் போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை.

"ஊர்க் கெணத்தக் கொட்டுனீங்களா மாமா?"

"கெணத்த எவனாச்சும் கொட்டுவானா? அது ஊறுற தண்ணி."

"இது மீன் குடியிருக்கற தண்ணிங்க."

"எதுத்துப் பேசாத. இது உள்ள இருந்தா அடுத்த சாவு இந்த ஊட்டுலதான். ஆரு பொறுப்பு?" அவரும் தன்னையறியாமல் கிசுகிசுத்தார்.

"நானுங்க."

மணிமேகலை டம்ளரை எடுத்தாள். திரையின் ஓரத்தை விலக்கி, மூலையில் மெல்லச் சாய்த்து மொண்டாள். பாசி வாடை குமட்டியது. இருந்தும் அவர் கண்ணைப் பார்த்தபடி கடைசிச் சொட்டு வரை குடித்தாள். ஆயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வர்றது எனக்கு வரட்டும். கொட்டோணும்னா மொதல்ல என்னயக் கொட்டுங்க."

சின்னையனுக்கு முகம் கறுத்துவிட்டது. "இனிப் பங்காளி ஒருத்தனும் இந்த ஊட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டான்."

"சரிங்க மாமா. கதவ மட்டும் மெதுவாச் சாத்துங்க."

அவர் அறைந்து சாத்திவிட்டுப் போனார். சுவரே அதிர்ந்தது.

மணிமேகலை திரையை விலக்கினாள். தகப்பன் மீன் விருட்டென்று பாய்ந்து, தனியே ஒதுங்கிய குஞ்சு ஒன்றை வாயில் கவ்வியது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். மீன் திரும்பியது. மணலோரம் தாயின் அடியில் மொய்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் குஞ்சை அலுங்காமல் துப்பியது. அடுத்ததைத் தேடிக் கிளம்பியது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி எந்தப் பங்காளி வந்தாலும் வரட்டும் என்று தொட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.