அவள் பேசிவிட்டுப் போன இடம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வரிசையில் நிற்பதென்றால் வேப்பங்காய். நடுவழியில் லிஃப்ட் நின்று உள்ளே ஆள் அலறினால், விழுந்தடித்துக்கொண்டு போய்த் திறந்துவிடுகிற தொழில். அந்த அவசரம் வீட்டிலும் அவனை விட்டபாடில்லை. இடுப்பு எலும்பு முறிந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள மனைவி ஊருக்குப் போய் மாதங்கள் ஆகின்றன. கடைக்குப் போகும் வேலை அவன் தலையில் விழுந்தது.

அன்று சாயங்காலம் ஒரே ஒரு கவுண்டர்தான் திறந்திருந்தது. பில் போடும் பெண், முன்னால் நின்ற பெரியவரிடம் அவர் வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையை ஆற அமரக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எல்லாம் கண்ணு திறந்துடுச்சா?" என்று விசாரணை வேறு. இவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அவன் முறை வந்ததும் போன் நம்பர் கேட்டாள். பழக்கத்தில் மனைவியின் நம்பரைச் சொன்னான். திரையில் வந்த மனைவியின் பெயரைப் பார்த்தவள் முகம் மலர்ந்தாள்.

"அட, லிஃப்ட் அண்ணனா நீங்க! உள்ள மாட்டிக்கிட்ட குழந்தைக்குக் கதவு இடுக்கு வழியா பாட்டுப் பாடினீங்களாமே? அதைச் சொல்லும்போது அக்கா முகத்தைப் பார்க்கணுமே!"

அவன் திகைத்துப் போனான். எப்போதோ கை கழுவிக்கொண்டே போகிறபோக்கில் சொன்னது அது.

"இங்க வந்தா இதையெல்லாம் சொல்றா?"

"வீட்டுல வாயைத் திறந்தா 'விஷயத்துக்கு வா'ன்னுடுவீங்களாம். இங்கதான் விஷயமே இல்லாம பேசலாம்னு சிரிப்பாங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது.

"வேற... வேற என்ன சொன்னா?"

"அண்ணே, நாங்களும் வீடு போய்ச் சேரணும்ல?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அசடு வழிய நகர்ந்தான். கடை வாசலில் நின்று மனைவியைக் கூப்பிட்டான்.

"என்னங்க, இந்த நேரத்துல? ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான். நீ பேசு."

"என்ன பேச?"

"எதையாவது."

அவள் மெதுவாகத் தொடங்கினாள். தங்கை இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்தாளாம். போன கையோடு, எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடும் லட்சணத்தைக் குறை சொன்னாளாம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எப்ப வருவே?"

இதுவரை அவன் கேட்காத கேள்வி.

"தெரியலைங்க. அவ தனியா நடக்கணுமே..." அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. "இருங்க, அவதான். அப்புறமா நானே கூப்பிடறேன்."

"எவ்வளவு நேரமானாலும் கூப்பிடு."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கனத்த பையை ஒரே கையில் சுமந்து நடந்தான். இன்னொரு கை, சட்டைப்பையிலிருந்த போன்மேலேயே இருந்தது.