கொஞ்சம் நீளமான ஃபில்டர்

மெக்கானிக் இரண்டு ஆயில் ஃபில்டர்களையும் என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. "ரெண்டுமே உங்க காருக்குப் பொருந்தும் தங்கச்சி. மாப்ளயும் நீங்களும் பேசி முடிவு பண்ணுங்க, அதுக்குள்ள அந்த லாரிக்காரர அனுப்பிட்டு வந்துடறேன்" என்றார். கூடப்பிறக்காத அண்ணன், எனக்கு முடிவெடுக்கிற வேலையைக் கொடுத்துவிட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் கார் ஓட்டுகிறவள். காரின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் என் வீட்டுக்காரர் இலாகா. அவர் என் பக்கத்தில் கண்ணெல்லாம் சிவந்து, கொட்டாவியை மென்று விழுங்கியபடி உட்கார்ந்திருந்தார்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு டாக்சி. பகலில் நான் ஓட்டுகிறேன், ராத்திரியில் அவர். கார் நிற்காமல் ஓடினால்தான் வீடு ஓடும். விடியற்காலையில் அவர் வந்து நிறுத்தும்போது நான் தலை வாரிக்கொண்டு வாசலில் நிற்பேன். சாவி கை மாறும். "பிரேக் கொஞ்சம் இழுக்குது, பாத்துப் போ." "பால் காய்ச்சி வெச்சிருக்கேன், குடிச்சிட்டுப் படுங்க." "பின் சீட்டுல யாரோ குடைய விட்டுட்டுப் போயிட்டாங்க." தாம்பத்தியம் முடிந்தது. அவர் பின்னால் தள்ளி வைத்திருக்கும் சீட்டை நான் முன்னால் இழுத்துக்கொள்வேன். சீட் இன்னும் சூடாக இருக்கும். மாடியில் நான் விட்டுவிட்டு வந்த படுக்கையும் அவருக்கு அப்படித்தான் இருக்குமாக்கும். சாயங்காலம் இதே கூத்து தலைகீழாக நடக்கும். ஞாயிற்றுக்கிழமையாவது லீவு விடக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் ஊரே வெளியே கிளம்புகிறது, அன்றைக்குப் போய் யார் வண்டியை நிறுத்துவார்கள்? என் அக்கா ஒருமுறை போனில், "நீங்க புருஷன் பொண்டாட்டியா, இல்ல டூட்டி மாத்திக்கிற வாட்ச்மேனா?" என்று கேட்டாள். சிரித்து வைத்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க, காரில் ஏறியவர்களிடமெல்லாம் வள்ளென்று விழுந்தேன்.

அப்படிப்பட்ட எங்களுக்கு ஆயில் மாற்றுகிற நாள் ஒன்றுதான் மிச்சம். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுகிற வண்டி என்பதால் மாதம் முடிவதற்குள் அது வந்துவிடும். பள்ளிக்கூடச் சவாரிகளை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு இந்தப் பட்டறைக்கு வருவேன். கார் லிஃப்டில் ஏறி அந்தரத்தில் நிற்கும். எந்தக் காலத்துக் காரிலிருந்தோ கழற்றிச் சுவரோரம் போட்டிருக்கும் பின் சீட்டில் நாங்கள் உட்கார்ந்துகொள்வோம். எதிர்க் கடையிலிருந்து டீ வரும். ஓட்டுவதற்குக் கார் இல்லாததால் இரண்டு பேருமே அப்போது சும்மா இருப்போம். சவாரியில் பார்த்ததையெல்லாம் அந்த நேரத்துக்கென்று நான் சேர்த்து வைத்திருப்பேன். காலிப் பறவைக் கூண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஏறிய இடத்திலேயே இறங்கிய பெரியவர். போனில் ஒருவனிடம் "என் முகத்திலேயே முழிக்காதே" என்று கத்திவிட்டு, அவன் வீட்டு விலாசத்தையே என்னிடம் சொன்ன பெண். அவர் சத்தம் வராமல், வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்கே நான் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்வேன்.

"நீங்க தூங்குங்க, நான் போய் மாத்திட்டு வந்துடறேன்" என்று நான் சொல்லாமல் இல்லை. எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. பழைய எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, முகர்ந்து, 'ம்' என்று ஒரு சத்தம் போட்டால்தான் அவருக்கு நிம்மதி. "உனக்கு ஓட்டத்தான் தெரியும். எண்ணெயப் பாத்து என்னத்தச் சொல்லுவ?" என்பார். நானும் ரொம்ப வற்புறுத்தியதில்லை. வரட்டுமே.

இன்றைக்கு என்னடாவென்றால், வந்ததும் வராததுமாக இந்தப் பெரிய ஃபில்டர் கதையை ஆரம்பித்துவிட்டார். ஸ்டாண்டில் 'ரேடியோ' என்று ஒரு டிரைவர் உண்டு. வாயை மூடவே மாட்டான், அதனால் அந்தப் பெயர். அவன் தன் காருக்குப் போட்டிருக்கிறானாம்.

"திருகற மரை அதேதான், ரப்பர் வளையமும் அதேதான். உடம்பு மட்டும் நீளம்" என்று என் மடியிலிருந்து நெட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "உள்ள காகித மடிப்பு ஜாஸ்தி. அழுக்கு நெறைய பிடிக்கும். கூடவே நல்ல எண்ணெயா ஊத்திட்டா இப்ப ஓட்டறத விட டபுளா ஓட்டலாம். சும்மா சும்மா இங்க வந்து உக்காந்துட்டு இருக்க வேணாம் பாரு."

அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது. வேணாம் பாரு! பல் பிடுங்க வந்து உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி.

"நீளமா தொங்குனா கீழ கல்லு கில்லு படாதா?" என்றேன்.

"நாலு விரல் எடம் இருக்கு. கைய விட்டுப் பாத்துட்டேன்."

"ரேடியோ சொன்னான்னு நீங்களும் போடறதா? நாளைக்கு அவன் காருக்கு றெக்க வெச்சா நீங்களும் வெப்பீங்களா?"

"மெக்கானிக்கும் தாராளமா போகும்னுதான் சொல்றாரு. எண்ணெய் அளவுக் குச்சிய அப்பப்ப இழுத்துப் பாத்துக்கிட்டாப் போதுமாம்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். தயாராகி வந்திருக்கிறார் மனுஷன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"அப்ப இனிமே உங்க மூஞ்சிய எப்பப் பாக்கறது?"

"தெனம் ரெண்டு வேள பாக்கறியே."

"சாவி குடுக்கறதெல்லாம் பாக்கறதா? உங்களுக்கு மீசையில நரை விழுந்திருக்கு, அதுவே இன்னைக்கு இங்க வந்துதான் எனக்குத் தெரியுது. இருக்கறதே இந்த ஒரு நாள். அதையும் பாதியாக் கொறைக்கணும்னு உங்களுக்கு என்ன அவ்வளவு அவசரம்? நான் பேசறது சலிச்சுப் போச்சா?"

லிஃப்டுக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். என் வீட்டுக்காரர் ஃபில்டரை என் மடியில் திரும்ப வைத்தார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது."

"கத்த மாட்டேன்." கத்துவேன் என்று இருவருக்குமே தெரியும்.

"போன தடவ இங்க வந்துட்டுப் போனோமே, அன்னைக்கு ராத்திரி சிக்னல்ல தூங்கிட்டேன். பின்னாடி ஒரு அம்மா, கைக்கொழந்தையோட. அவங்கதான் தோளத் தட்டி, 'பச்ச விழுந்துடுச்சு தம்பி'ன்னு எழுப்புனாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "பின்னாடி வந்தவன் ஹாரன்கூட அடிச்சிருக்கான். எனக்குக் கேக்கவே இல்ல."

"நின்ன வண்டில சரி. ஓடற வண்டில?" என்று கேட்டேன்.

அவர் அண்ணாந்து காரின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, சேறும் புகைக்குழாயும்தான்.

நான் கத்தவில்லை. பகலில் கண்ணை மூடாதவன் ராத்திரியில் மூடத்தானே செய்வான்? இது தெரிய எனக்கு யாராவது வந்து சொல்ல வேண்டுமா? வயிறு குலுங்க அவர் சிரித்த நேரமெல்லாம் அவர் தூங்கியிருக்க வேண்டிய நேரம். கூண்டுக் கதையைச் சொல்லிச் சொல்லி அவரை விழிக்க வைத்து, அப்படியே ஸ்டியரிங்குக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார்த்தி வைத்திருக்கிறேன். பின் சீட்டில் அந்தக் கைக்குழந்தை வேறு.

"சரி, இனிமே நான் மட்டும் வரேன்" என்றேன். "எண்ணெய நானே மோந்து பாக்கறேன். போன்ல சொல்றேன். நீங்க வீட்டுல படுங்க."

"படுத்தா மட்டும்?"

"மட்டும்னா?"

"நீ இங்க தனியா சும்மா உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா எனக்கு எப்படித் தூக்கம் வரும்? நீ வண்டில ஓடிட்டு இருந்தாத்தான் நான் தூங்குவேன்."

ஏதோ காரின் கோளாறைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் எண்ணெயைப் பார்க்க வரவில்லையா இவர்? விரலில் தேய்த்ததும், முகர்ந்ததும், 'ம்' போட்டதும்? அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேட்கலாம் என்று திரும்பினேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டார். தலை சுவரிலிருந்து நழுவி நழுவி, கடைசியில் என் தோளில் வந்து நின்றது. கனமான தலை. பெட்ரோலும் வியர்வையும் கலந்த வாசனை அடித்தது.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன தங்கச்சி, எது?"

தோளை அசைக்காமல், நெட்டையை எடுத்து நீட்டினேன்.

"பெருசுதானா? மாப்ளகிட்ட கேட்டாச்சா?"

"பெருசே போடுங்கண்ணே."

"அப்ப சரி. பத்து நிமிஷத்துல எறக்கிடறேன். அவர எழுப்பிடுங்க."

"அண்ணே" என்றேன். "அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாவே பண்ணுங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் தோளில் கிடந்த தலையைப் பார்த்தார். குட்டை ஃபில்டரை என் மடியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, காருக்கு அடியில் போய்த் திருகாணியைக் கழற்றினார். கறுப்பாக, தடிமனாக எண்ணெய் தட்டில் இறங்கியது. பிறகு இழையாக மெலிந்தது. பிறகு சொட்டாயிற்று. "நல்லா வடியட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் எதிர் டீக்கடைப் பக்கம் போய்விட்டார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இதுதான் கடைசிச் சொட்டு என்று நினைக்கும்போதெல்லாம், துளையின் விளிம்பில் இன்னொன்று மெல்லத் திரண்டுகொண்டிருந்தது.