டின் நுழையாத வீடு

மீன்கடைக்காரர் வீட்டில் தினமும் நல்ல மீன்தான் என்று யாராவது நினைத்தால், அவர்கள் மீன்கடைக்காரரைக் கட்டிக்கொண்டதில்லை என்று அர்த்தம். நல்லதெல்லாம் கடையிலேயே விற்றுவிடும். வால் துண்டு, மண்டை, முள்ளுக்கு நடுவில் பேருக்குக் கொஞ்சம் சதை வைத்திருக்கும் பொடி மீன், இதெல்லாம்தான் வீடு வந்து சேரும். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் சமைத்துக்கொண்டிருந்தாள் பொத்தானம்மா. அவள் தையல்கடையில் பொத்தான் தைக்கிறவள், அதனால் அந்தப் பெயர். பகலெல்லாம் பொத்தான், சாயங்காலமானால் முள். இரண்டுக்கும் ஒரே கண்ணாடிதான்.

அவள் புருஷனுக்குச் சந்தையில் 'நாக்கு' என்று பெயர். ஒரு துண்டை வாயில் போட்டால் போதும், மீன் எப்போது வலையில் விழுந்தது, எத்தனை மணிக்கு வெட்டுப்பட்டது, ஐஸில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவாராம். அவர் சொன்னது சரியா என்று மீனிடம் போய் யார் கேட்பது? ஆகவே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த நாக்குக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டு. டின் மீன்.

"டின்னுல அடைச்சது மீனா? மீனோட பொணம்! இந்த வீட்டுக்குள்ள ஒரு டின் நுழைஞ்சா நான் வெளிய போயிடுவேன், பாத்துக்க!" என்று கல்யாணமான புதிதில் சொன்னார். வருஷத்துக்கு நாலு தடவையாவது அதைத் திருப்பிச் சொல்லாமல் இருந்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறியவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் ஒரு குழாய் குறுகியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "எண்ணெயில பொரிச்சது எதுவும் ஆகாது. இன்னொரு தடவை இப்படி வந்தா நெஞ்சைத் திறந்துதான் பாக்கணும்" என்றும் சொன்னார். இரண்டு நாள் ஆவியில் வெந்த மீனை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றார் மனுஷன். மூன்றாம் நாள் தானே வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டார்.

"இப்படி பத்தியம் சாப்ட்டு நூறு வயசு இருக்கிறதுக்கு, பொரிச்ச மீனைத் தின்னுட்டு நாளைக்கே போறேன், விடுடி."

"போயிட்டா நான் என்ன பண்றதாம்?"

"நீயும் ரெண்டு துண்டு தின்னு, சேர்ந்தே போவோம்."

அவருக்கு எல்லாம் விளையாட்டு. அவளுக்கு அப்படியில்லை. இந்த மனுஷன் இல்லாத வீட்டில் யாரிடம் சண்டை போடுவது? கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், எண்ணெய் பாட்டிலை ஒளித்தும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது வேறு. ஒருநாள் மத்தியானம் அவர் கொண்டுவந்த சூரை மீன் துண்டை ஃபிரிட்ஜில் வைக்க மறந்து மேஜையிலேயே விட்டுவிட்டு மறுபடி கடைக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு அவள் வந்து கதவைத் திறந்தபோது மீனே வந்து வாசலில் வரவேற்றது, அப்படி ஒரு நாற்றம். அவர் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஓட்டமும் நடையுமாகத் தெருமுனைக் கடைக்குப் போனாள். அங்கே அலமாரியில், தண்ணீரில் பதப்படுத்திய சூரை, ஒரு டின். வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே எடுத்துக்கொண்டாள்.

தண்ணீரை ஒட்டப் பிழிந்தாள். உதிர்த்த மீனில் பொடித்த ஓட்ஸ், துருவிய கேரட், பொடியாய் நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, மிளகுத்தூள், அரை மூடி எலுமிச்சை, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, எல்லாம் போட்டுப் பிசைந்தாள். உப்பு போடப் போனவள் ஒரு கிள்ளு வாயில் வைத்துப் பார்த்தாள். டின்காரனே தாராளமாகப் போட்டிருந்தான், இனி போட்டால் கெட்டது. வட்டமாகத் தட்டித் தவாவில் எண்ணெயைத் துணியால் தொட்டுத் தடவி, இரண்டு பக்கமும் சிவக்க விட்டு எடுத்தாள்.

அவர் ஒன்றைத் தின்றார். கண்ணை மூடினார். போச்சு, பெட்டியைக் கட்டப்போகிறார் என்று அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"காலைல ஏழு மணிக்கு நான் வெட்டின துண்டு! நாக்கு சொல்லுது பாரு! அடியே, இத்தனை நாளா இந்தக் கைப்பக்குவத்தை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

எட்டு கட்லெட்டும் காலி. மறுநாளும் அதுவே வேண்டும் என்றார். அதற்கு மறுநாளும். வாணலி ஆணியில் ஏறித் தொங்கியது, இறங்கவேயில்லை.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் கட்லெட் நிற்கும். கட்லெட் நின்றால் வாணலி இறங்கும். வாணலி இறங்கினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பொத்தானம்மா வாயைத் தைத்துக்கொண்டாள்.

அப்புறம் நாலு மாசம் அவள் நடத்திய திருட்டுக் குடித்தனம் இருக்கிறதே, அதைக் கேட்டால் கைதேர்ந்த கடத்தல்காரனும் காதைத் தொட்டுக் கும்பிடுவான். டின்கள் தையல் பையில், வெட்டுத்துணிக்கு அடியில் வரும். திறக்கிற சத்தம் கேட்காமலிருக்க மிக்ஸியை ஓட விடுவாள். காலி டின்னைக் கழுவி, சத்தம் வராமல் துணி சுற்றி, நாலு தெரு தள்ளியிருக்கிற குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவாள். தன் வீட்டு வாசல் தொட்டியில் போட்டால் ஊர் என்ன சொல்லும்? அவர் ஆசையாகக் கொண்டுவரும் வால் துண்டு? அது தினமும் காலையில் தையல் மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மாஸ்டர் நன்றியுள்ளவர். பொத்தானம்மாவுக்கு நாலு மாசத்தில் ஐந்து ரவிக்கை.

அடுத்த சோதனையில் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டரே இரண்டு தடவை காகிதத்தைப் பார்த்தார். "மாத்திரை பாதி, சாப்பாடு பாதி. என்ன சாப்பிடுறீங்களோ அதையே விடாம சாப்பிடுங்க" என்றார். அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தாள்.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்? நாக்கு சும்மா இருக்கவில்லை. வருகிற போகிறவரிடமெல்லாம், "என் நெஞ்சு சரியானதே என் சூரை மீனாலதான்" என்று அளந்தார். எதிர்க்கடைக்காரர் ஒருநாள், "அப்படி என்னய்யா அதிசய கட்லெட்? எங்க கண்ணுல காட்டறது?" என்று கிளறிவிட்டார். நாக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. கரும்பலகையில் எழுதி மாட்டிவிட்டார்: 'ஞாயிறு பத்து மணி. சூரை கட்லெட், நேரடிச் செய்முறை. செய்பவர்: என் மனைவி.'

"என்னைக் கேட்டீங்களா?" என்றாள் அவள்.

"கேட்க என்னடி இருக்கு? தினமும் செய்யறதுதானே!"

தினமும் செய்கிறதுதான் சிக்கலே. ஆனாலும் அவள் கெட்டிக்காரி. பச்சை மீனை ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டிப் பிழிந்தால் டின் மீன் பதத்துக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். மற்றதெல்லாம் தினமும் போடுகிற அதே சாமான்தான். அளந்து ஆறு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டாள். எலுமிச்சையும் முட்டையும் தனிப் பையில்.

ஞாயிற்றுக்கிழமை கடை முன்னால் திருவிழாக் கூட்டம். நாக்கு எல்லார் கண் முன்னாலும் ஒரு சூரையைத் தூக்கிக் காட்டி, செவுளைத் திறந்து காட்டி, தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தார். அவள் வேகவைத்தாள், உதிர்த்தாள், பிழிந்தாள். ஆறு டப்பாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. தவாவில் போட்டதும் எழுந்த வாசனைக்கு வரிசையில் பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள். பரவாயில்லை, தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டாள்.

"முதல் கட்லெட் நாக்குக்கு!" என்றார் எதிர்க்கடைக்காரர், கையைக் கட்டிக்கொண்டு.

நாக்கு கடித்தார். கண்ணை மூடினார். மூடிய கண் சுருங்கியது. வாயிலிருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சப்புனு இருக்கு. உயிரே இல்ல. இது என் மீன் இல்ல! இது... டின் மீன்!"

 கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதிர்க்கடைக்காரர் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ்! நீயே வெட்டிக் குடுத்த மீன்யா அது! நாங்க இத்தனை பேரு பாத்தோம்! நல்லா இருக்குய்யா உன் நாக்கு!"

முப்பது வருஷப் பெயர் ஈரத் தரையில் விழுந்து கிடந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது, கை அவரை அறியாமல் நெஞ்சுப் பக்கம் போனது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது. ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டாள். போட்டவுடனே புரிந்துவிட்டது. அட பாவி! உப்பு! நாலு மாசமாக உப்பு போடாமலே பழகிய கை, இன்றைக்கும் போடவில்லை.

"சிரிக்காதீங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள். தையல்கடையில் யாரும் அவளிடம் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? நான்தான் உப்பு போடலை. இத்தனை பேரு கண்ணு வச்சுப் பாத்தீங்களே, ஒருத்தருக்காவது தெரிஞ்சுதா? ஒரே கடியில கண்டுபிடிச்சது யாரு? அண்ணே, சிரிச்சது போதும், உங்க கடையிலேர்ந்து ஒரு பிடி உப்பு குடுங்க!"

எதிர்க்கடைக்காரர் வாயைத் திறந்தபடியே போய் உப்பு எடுத்து வந்தார். மிச்சக் கலவையில் அளவாகப் போட்டுப் பிசைந்து தட்டிப் போட்டாள். இந்தத் தடவை தின்றவர்கள் பேசவில்லை, இன்னொன்று கேட்டார்கள். பதினொன்றரைக்கு நாக்கு கடையில் சூரை என்று ஒரு செதில்கூட மிச்சமில்லை. எதிர்க்கடைக்காரரே நாலு கட்லெட் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்.

 வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நாக்கு சமையலறை மேஜையில் அந்த ஆறு டப்பாவையும் வரிசையாக வைத்தார்.

"நீ உப்பை மறக்கலை" என்றார்.

"மறந்துட்டேங்க. பதட்டத்துல..."

"முப்பது வருஷமா மீன் வெட்டறவன்டி நான். கைப்பழக்கம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நான் வேற யோசனையில இருந்தாலும் கத்தி செதில் பக்கம்தான் போகும். உன் கை உப்பைத் தேடவே இல்ல. உப்பு டப்பாவே கொண்டு வரலை. அப்போ வீட்டுலயும் நீ போடறதில்ல." ஒரு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடல்லயே கிடந்தாலும் மீனுக்கு நாம போட்டாத்தான் உப்பு. போடாமலே உப்பா இருக்கிற மீன் எதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

அவள் தையல் பையைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். வெட்டுத்துணி, நூல்கண்டு, ஒரு கைப்பிடி பொத்தான், இரண்டு டின். ஒன்று உருண்டு போய் அவர் காலடியில் நின்றது.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

"ஏழு மணி மீன்னு நான் சொன்னப்போ உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"முதல் நாள் பயந்தேன். அப்புறம் சிரிச்சேன்." அதற்குமேல் அவளால் முடியவில்லை. "செத்துப் போயிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க. நீங்க டின்னுக்குக் கோவிச்சுக்கிட்டு வெளிய போனா எப்பவாவது திரும்பி வருவீங்க. செத்துப் போனா வர முடியாதே. அதான் செஞ்சேன். திட்டணும்னா திட்டுங்க."

அவர் திட்டவில்லை. "அப்போ நான் கொண்டு வந்த வால் துண்டெல்லாம்?" என்றார் மெதுவாக.

அவள் தன் புது ரவிக்கையின் கையைப் பார்த்தாள்.

"தையல் மாஸ்டர்! அதான் அந்தாளு என்னைப் பாக்கறப்பெல்லாம் அப்படி ஒரு கும்பிடு போட்டானா! நானும் என் மேல மரியாதைன்னு நெனச்சேன்டி!" எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தாள். அழுகை வரவில்லை. ஆணியில் தொங்கிய வாணலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மீன் கட்டுகிற காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார். உள்ளே ஆறு டின்.

"தண்ணியில போட்டதுதானே? எண்ணெயில போட்டதும் இருந்துச்சு. வேண்டாம்னுட்டேன்."

"யாராவது பாத்திருந்தா?"

"பாத்தான். கடைக்காரன் கேட்டான், உங்களுக்கு எதுக்கு டின் மீன்னு. பூனைக்குன்னு சொன்னேன்."

"நம்ம வீட்டுல ஏதுங்க பூனை?"

"நாலு மாசமா நான் என்னவாம்?"

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். மிக்ஸியைப் போடாமல், முதல் தடவையாக, எல்லாச் சத்தமும் கேட்கும்படி டின்னைத் திறந்தாள். அவர் பக்கத்திலேயே நின்று, பிணத்தைப் பார்க்கிறவர்போல எட்டிப் பார்த்தார். பிழிவதற்கு மட்டும் உதவினார். தவாவிலிருந்து இறங்கிய முதல் கட்லெட்டைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

கடித்தார். கண்ணை மூடினார்.

"ஏழு மணி" என்றது நாக்கு.