கடைசிக் கோரஸுக்கு முன்னால்

நியூவர்க் அரங்கின் மேல்வரிசை நாற்காலியில் உட்கார்ந்ததும் கர்ட்டிஸின் முழங்கால் இரண்டும் 'அப்பாடா' என்றன. விடியற்காலை ஐந்து மணியிலிருந்து கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய உடம்பு. நாற்பத்திரண்டு வயதில் குதித்து ஆடும் பங்க் ராக் கச்சேரிக்கு நாற்காலி கேட்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? கூட வந்த நண்பன் டெக்லன் சும்மா விடுவானா?

"உக்காந்து கேக்குற டிக்கெட்டாடா வாங்கின? பாதிரியார் பிரசங்கத்துக்கா வந்திருக்கோம்?"

"கீழ போய்க் குதிச்சா என்னைத் தூக்கிட்டுப் போக ஆறு பேர் வேணும், மச்சான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெக்லனின் அப்பா இறந்தபோது, சவப்பெட்டி தூக்கும் ஆறு பேரில் ஒருவனாக வரும்படி கர்ட்டிஸையும் கேட்டிருந்தார்கள். அவன் போகவில்லை. காய்ச்சல் இல்லை, வேலையும் இல்லை. கோட்டு மாட்டிக் கட்டிலில் உட்கார்ந்தான். எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றி இருவரும் இதுவரை வாயே திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை டெக்லன் குடும்பத்தோடு அரிசோனாவுக்குக் குடிபோகிறான். இன்று சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப்போவதில்லை என்று கர்ட்டிஸுக்குத் தெரியும்.

பியர் வரிசையில் சொல்ல நினைத்தான். பின்னால் ஆட்கள் நின்றார்கள். முதல் குழு பாடி முடித்ததும் நினைத்தான். டெக்லன் கொட்டாவி விட்டான். அவர்கள் கேட்க வந்த குழு மேடை ஏறி எட்டுப் பாட்டு முடிந்தது. கொண்டாட வந்த இடத்தில் மனுஷனுக்கு இப்படி ஒரு அலுப்பு வருமா?

ஒன்பதாவது பாட்டில் டெக்லனின் காதருகே குனிந்தான்.

"என்ன? கேக்கல!" டெக்லனின் இரு காதிலும் சத்தத்தை அடைக்கும் இயர்பிளக். இந்த வயதில் அதுவும் வேண்டியிருக்கிறது.

இனி இழுத்தடிக்கக் கூடாது என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான்: "உங்கப்பா சாவுக்கு நான் வேணும்னேதான்டா வரல! என்னை மன்னிச்சிடு!"

அந்த நொடியில் பாட்டு நின்றது. கடைசிக் கோரஸுக்கு முன்னால் மொத்தக் குழுவும் ஒரு மூச்சு நேரம் வாசிப்பை நிறுத்தும் இடம் அது. இருபது வருஷமாகக் காரில் ஸ்டீயரிங்கைத் தட்டி, அதே இடத்தில் கையைத் தூக்கியவன் எப்படித்தான் மறந்தானோ! 'மன்னிச்சிடு' முன்னாலிருந்த நாலைந்து வரிசைகள் வரை கேட்டது. பத்துத் தலைகள் திரும்பின. யாரோ ஒரு பெண், "மன்னிச்சிடுங்கப்பா!" என்று கூவினாள். சிரிப்பு எழுவதற்குள் டிரம்ஸ் இடித்தது. பதினைந்தாயிரம் பேரும் கோரஸில் குதித்தார்கள். கர்ட்டிஸுக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. டெக்லன் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

விளக்குகள் எரிந்த பிறகுதான் அவன் இயர்பிளக்கைப் பிடுங்கினான்.

"வேணும்னேதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உன் கார் உன் வீட்டு வாசல்ல நின்னுச்சு. பெட்டியோட வண்டி அந்தத் தெரு வழியாத்தான் போச்சு."

கர்ட்டிஸ் காலி பியர் கோப்பையைக் கீழே வைத்தான். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டு? உனக்கு ஷிப்டுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவங்க, 'பாவம் கர்ட்டிஸ், வர முடியாமப் போச்சே'ம்பாங்க. நான் தலைய ஆட்டுவேன். அலுத்துப்போச்சு மச்சான். செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணிக்குச் சாமான் ஏத்த லாரி வருது. அம்மா இருப்பாங்க. நீயே வந்து சொல்லு."

அதற்குப் பதில் டெக்லன் நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்று கர்ட்டிஸுக்குப் பட்டது.

"வரேன்," என்றான்.